விமானத்துக்கு வயர் பூட்டப் போகும் மகளுக்கு

பிள்ளை, போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை நீ கதைத்துக்கொண்டிருக்கும்போது, "லைன் விளங்கேல்லை" என்று சொல்லிப் போனை வைத்தேனே, அது பொய். லைன் நன்றாகவே விளங்கியது. கனடாவில் உன் அறைக்குள் ஹீற்றர் இரைகிற சத்தம்கூடக் கேட்டது. "அம்மா, எனக்கு இஞ்சத்தை எயார்போர்சில இடம் கிடைச்சிட்டுது. பிளேனில கரண்ட் வேலை பாக்கிற டெக்னீசியன்" என்று நீ சொன்னதும், சொல்லிவிட்டு நான் ஏதாவது சொல்வேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதும் கேட்டது. அதற்குப் பிறகு நீ மூன்று தரம் அழைப்பு எடுத்தாய். மூன்று தரமும் போன் குசினி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எடுக்கப் பயமாக இருந்தது. உன் அம்மாவுக்கு உன்னோடு கதைக்கப் பயம் வந்தது இதுதான் முதல் தரம்.

என் குணம் உனக்குத் தெரியும். கோபம் வந்தால் கத்துவேன், பயம் வந்தால் வாயடைத்துப் போவேன். ஆகவே இதை எழுதுகிறேன். கண்டாவளை மாதர் சங்கம் ஆண்டு மலர் ஒன்று போடப் போகிறது. "முன்பள்ளி ரீச்சர், நீங்களும் ஏதாவது எழுதித் தாருங்கோ" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்குச் சத்தான உணவு என்று ஏதாவது எழுதிக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். இப்போது இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். உன் முகம் சுளிக்கிறது எனக்குத் தெரிகிறது. பொறு. உன்னைப் பற்றி ஒரு வார்த்தையை நான் ஊர் கூடி நின்ற இடத்தில் சொன்னேன். அதை உன் காதுக்கு மட்டும் கேட்கும்படி திரும்ப எடுத்தால், திரும்ப எடுத்ததாக ஆகாது. மலர் வர மாதக்கணக்காகும் என்பதால், எழுதி முடித்ததும் படம் எடுத்து உனக்கு முதலில் அனுப்பிவிடுவேன். நீ படையில் சேரக் கையெழுத்து வைக்கும் நாளுக்கு முன்னர் இது உன் கையில் இருக்க வேண்டும்.

நீ போன பிறகு இந்த வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. காலையில் கேத்தில் கொதிக்கிற சத்தம், பிறகு என் சைக்கிள், பின்னேரம் வந்தால் மறுபடி கேத்தில். இரண்டு பேருக்கு இடியப்பம் பிழிந்து பழகிய கை ஒருத்திக்கு அளவு பிடிக்க ஒரு வருடம் எடுத்தது. மிச்சத்தைக் கோழிக்குப் போடுவேன். கோழியோடு நான் கதைக்கிறேன் என்று பக்கத்து வளவுப் பரமேஸ் அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. கதைக்கிறேன்தான். கோழியிடம் கதைத்தால் லைன் விளங்கவில்லை என்று பொய் சொல்லத் தேவையில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னர் முன்பள்ளிக்கு மேலால் ஒரு ஹெலி தாழப் பறந்து போனது. யாரோ பெரியவர் எங்கோ திறப்பு விழாவுக்கு வந்தாராம். பதினெட்டுப் பிள்ளைகளும் "ஹெலி! ஹெலி!" என்று முற்றத்துக்கு ஓடிக் கைகாட்டின. துள்ளிக் கை தட்டின. நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. ஒரு சின்னவள் மட்டும் திரும்பி வந்து குனிந்து, "ரீச்சர், என்ன விழுந்தது?" என்று கேட்டாள். "கத்தரிக்கோல்" என்றேன். பாவம், அவளும் உள்ளே ஊர்ந்து வந்து இல்லாத கத்தரிக்கோலை என்னோடு சேர்ந்து தேடினாள். இதை உனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருடமாகியும் உன் அம்மா மேசைக்குக் கீழே போகிறவள் என்று நீ அறிவது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படிப்பட்டவளிடம்தான் நீ விமானத்துக்கு வயர் பூட்டப் போகிறேன் என்று சொன்னாய்.

நான் போன் எடுக்காததால் அடுத்த நாள் ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பினாய். அதைப் பதினொரு தரம் கேட்டேன். முதல் நாலு தரம் உன் குரலைத்தான் கேட்டேன், சொன்னது ஒன்றும் உள்ளே போகவில்லை. ஐந்தாம் தரம்தான் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். எனக்குப் படிப்பிக்கிற மாதிரி ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தாய். முதல் சில மாதம் எல்லோரையும் போல அடிப்படைப் பயிற்சி. விடிய எழும்பி ஓட்டம், அணிவகுப்பு, கட்டில் விரிப்பை மடிப்பு விழாமல் விரிப்பது. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைக் கட்டில் விரிப்பை ஒழுங்காக விரிக்க வைக்க ஒரு முழு நாட்டின் படை தேவைப்பட்டிருக்கிறது. நான் பத்தொன்பது வருடம் கத்தியும் நடக்காத காரியம். ஆனால் சிரித்து முடிய முன்னரே, சீருடையோடு உன்னை நினைத்துப் பார்த்தேன். முகம் வரவில்லை. சீருடை மட்டும் வந்தது. வீதியில் சீருடையைக் கண்டால் இன்றைக்கும் சைக்கிளை விட்டிறங்கி ஓரமாக நிற்கிறவள் நான். அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து பிடுங்குவதற்கு ஒரு பயிற்சியும் இல்லை.

பிறகு தொழில்நுட்பப் பள்ளி என்றாய். கரண்ட் எப்படிப் பாய்கிறது என்பதில் தொடங்கி, பற்றரி, ஜெனரேற்றர், விமானிக்கு முன்னால் இருக்கிற மானிகள், லைற்றுகள், விரல் தடிப்புக்குக் கட்டுக் கட்டாக ஓடுகிற வயர்கள். "ஒரு பிளேனுக்குள்ள கிலோமீற்றர் கணக்கில வயர் ஓடுதம்மா. ஒரு இடத்தில உரஞ்சி வெளியில தெரிஞ்சாலும் காணும், பிளேனுக்கு ஆபத்து" என்றாய். பள்ளி முடிய ஒரு தளத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே சில வருடம். செய்கிற ஒவ்வொரு வேலையும் ஒரு பதிவில் ஏறும். செய்தேன் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். அதை இன்னொருவர் தன் கண்ணால் பார்த்து, சரி என்று தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் அந்த விமானம் நிலத்தை விட்டு எழும்பாது. வருடங்கள் போக நீயே மற்றவர்களின் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆளாகலாம், பதவி உயரலாம், அந்தப் பள்ளியிலேயே படிப்பிக்கலாம். படையை விட்டு வெளிக்கிட்டால், வேறு சோதனை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்து, சாதாரண பயணிகள் விமானத்திலும் வேலை செய்யலாம் என்றாய்.

வேலை முடிந்தால் ஸ்பனர், குறடு எல்லாம் எண்ணி வைக்க வேண்டும் என்றும், பெட்டிக்குள் ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும் என்றும், ஒரு பள்ளம் வெறுமையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போக ஏலாது என்றும் சொன்னாயே, அந்த இடத்தை மட்டும் நான் தனியாகத் திருப்பிக் கேட்டேன். முன்பள்ளி விட முன்னர் நானும் பதினெட்டுக் கத்தரிக்கோலையும் எண்ணித்தான் பெட்டியைப் பூட்டுவேன். இதில் மட்டும் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. களைத்த நாளில்தான் எண்ண வேண்டும். உசாராக இருக்கிற நாளில் ஒன்றும் தொலையாது. அதோடு, மேலே போக அவசரப்படாதே. கீழே நின்று கை அழுக்காகிற வருடங்களைக் குறைக்கப் பார்க்காதே. மற்றவரின் வேலைக்குச் சரி சொல்லும் கையெழுத்து உன் கைக்கு வரும் நாளில், முகத்துக்காக ஒருவருக்கும் போட்டுக் கொடுக்காதே. உன் சிநேகிதியாக இருந்தாலும், அன்றைக்கு அவள் பிறந்தநாளாக இருந்தாலும்.

"நான் குண்டு போடுற ஆள் இல்லையம்மா, வயர் பாக்கிற ஆள்" என்றாய். என்னைத் தேற்றத்தான் சொன்னாய். ஆனால் ஒளிக்காமல் எழுதுவது என்று தொடங்கியபின் இதையும் எழுதத்தான் வேண்டும். குண்டு விழுவதற்கும் ஒரு வயர் வேண்டும், பிள்ளை. எங்கள் தலைக்கு மேலால் போனவற்றுக்கும் யாரோ ஒருத்தி, யாரோ ஒருத்தன் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வயர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கடலில் தவறியவர்களைத் தேடுகிற விமானத்துக்கும் எங்களை வேலைக்குப் போடலாம், சாமான் ஏற்றுகிறதுக்கும் போடலாம், தொடக்கத்தில் நாங்கள் தெரிவு செய்ய ஏலாது என்றாய். சரி. ஆனால் இது எங்கே போகிறது, எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்று கேட்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. பதில் சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டாலும் கேள். ஒரு நாள் கை கூசினால், கூசுகிறது என்று சொல்லிவிட்டு விலகி வா. இது நான் உன்னிடம் கேட்கிறது, கட்டளை இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு நாலு கடதாசி கிழிக்க வேண்டியிருந்தது.

உனக்கு அப்போது ஆறு வயது முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. யுத்தத்தால் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, றேடியோவுக்குப் பற்றரி கிடைக்காது. உன் அப்பா சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் செய்தி கேட்பார். டைனமோவிலிருந்து வருகிற இரண்டு வயரையும் றேடியோவில் பிடித்துக்கொண்டிருப்பது உன் வேலை. "அப்பா, கெதியாச் சுத்துங்கோ, செய்தி சாகப்போகுது" என்று நீ கத்துவாய். அவர் வேர்த்து ஒழுகச் சுற்றுவார். அரைவாசிச் செய்தி உங்கள் இரண்டு பேரின் சிரிப்புக்குள் போய்விடும். மனிதர் வயலில் நின்றாலும் உன்னோடு கதைத்துக்கொண்டுதான் நிற்பார். என்னோடு அவ்வளவு கதை இல்லை.

அந்த வீட்டில் காது என்றால் நீதான். வானத்தில் என்ன வந்தாலும் எங்களுக்குக் கேட்பதற்கு முன்னர் உனக்குக் கேட்கும். வேவு பார்க்கிற ஆளில்லா விமானத்தை நாங்கள் வண்டு என்போம். இரைந்துகொண்டே மணிக்கணக்காகச் சுற்றும். குண்டு போடுகிற ஜெட்டைக் கிபிர் என்போம். வண்டு, ஹெலி, கிபிர் என்று நீ பிரித்துப் பிரித்துச் சொல்வாய், ஒரு நாளும் பிழைத்ததில்லை. பயத்தைப் போக்க நான்தான் அதை ஒரு விளையாட்டாக உனக்குத் தொடக்கி வைத்தேன். பதுங்கவென்று வெட்டிய பங்கருக்குள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு பாப்பம், இப்ப என்ன வருது?" என்பேன். சரியாகச் சொன்னால் கன்னத்தில் ஒரு முத்தம். நாளாக நாளாக விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. பக்கத்து வளவிலிருந்து பரமேஸ் அக்கா வேலியால் எட்டி, "பிள்ளை, என்ன வருது? உடுப்புக் காயப்போடலாமோ?" என்று கேட்பா. உன் அப்பாவும் கேட்பார். நானும் கேட்பேன். வளர்ந்த ஆட்கள் நாங்கள் எல்லோரும் பல் விழாத ஒரு பிள்ளையைக் கேட்டுத்தான் வெளியே தலை நீட்டினோம். அதில் எவருக்கும் வெட்கம் வரவில்லை.

அன்றைக்கு விடியத் தொடங்கி வண்டு சுற்றியது. அது கொஞ்சம் விலகின நேரம் பார்த்து அடுப்பை மூட்டி, உலையில் அரிசியைப் போட்டேன். மறுபடி இரைச்சல் கேட்க, அப்படியே விட்டுவிட்டு மாமரத்தடிப் பங்கருக்குள் ஓடி வந்தேன். மூன்று பேரும் உள்ளே இருந்தோம். நேரம் போனது. சோற்று மணம் பங்கருக்குள் வந்தது. நான்தான் உன் அப்பாவிடம் சொன்னேன், "இஞ்சருங்கோ, சோறு அடிப்பிடிக்கப் போகுது. ஒருக்கா ஏறி இறக்கி வைச்சிட்டு வாங்கோ." அரிசிக்குத் தட்டுப்பாடான நாட்கள். ஒரு பானைச் சோறு கருகினால் அன்றைக்கு வேறு இல்லை. அவர் எழும்பினார். எழும்பி, வழமை போல உன்னைக் கேட்டார். "பிள்ளை, என்ன சத்தம்?"

நீ கண்ணை மூடிக் கேட்டாய். "வண்டுதான் அப்பா. அதுவும் தூரப் போகுது."

அது சரி, பிள்ளை. நீ சொன்ன அந்த நிமிடத்தில் அது வண்டுதான், தூரத்தான் போனது. அவர் படியில் கால் வைத்த பிறகுதான் அந்தச் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தம் வந்தது, மெல்லிசாக. அப்போது நீ அவருடைய சறத்தைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாய். உன்னை ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. றோட்டால் உழவு இயந்திரம் போகிறது என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது முழு உண்மை இல்லை. கிபிராக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியில் "நில்லுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். சோறு மனதில் நின்றது. நான் சொல்லவில்லை.

குண்டு எங்கள் வளவில் விழவில்லை, பின்னால் வயலில் விழுந்தது. சிதறிய இரும்புச் சன்னம் வந்தது. அவர் குசினிக்குப் போய்த் திரும்பி வருகிற வழியில், பங்கர் வாசலுக்குப் பத்து அடியில் கிடந்தார். பிறகு குசினிக்குள் போய்ப் பார்த்தேன். பானை இறக்கி மூடி போட்டு வைத்திருந்தது. சோறு அடிப்பிடிக்கவில்லை.

அன்று பின்னேரமே செத்தவீட்டை முடிக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் அவசரத்தில் வந்தார்கள், அவசரத்தில் கேட்டார்கள். "என்னெண்டு நடந்தது? பங்கருக்க இருக்கேல்லையோ?" எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது. யாருக்கோ நான் பதில் சொன்னேன். உன்னைக் கையால் காட்டிச் சொன்னேன். "இவள்தான் வண்டு எண்டு சொன்னவள்."

நீ பரமேஸ் அக்காவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதுகொண்டு நின்றாய். அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாய். ஒரு சின்னப் பிள்ளை தன் அழுகையைத் தானே நிறுத்துவதை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. கண்டும் உன்னைத் தூக்கவில்லை. பழியை உன் தலையில் இறக்கி வைத்த அந்த நேரம் எனக்கு மூச்சு விட இலேசாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தாய் என்று சொல்லிக்கொள்கிற ஒருத்தி எழுதக்கூடாத வசனம்தான். இருக்கட்டும்.

பிறகு ஊரை விட்டு வெளிக்கிட்டோம். இடம் இடமாக மாறினோம். எத்தனையோ தரம் பங்கருக்குள் இருந்தோம். ஒரு தரமும் நீ என்ன வருகிறது என்று சொல்லவில்லை. இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி இருப்பாய். "பயப்பிடாதை" என்பேன். நீ பயத்தில் காதைப் பொத்தவில்லை என்று எனக்குத் தெரியும். யாராவது உன்னைக் கேட்டுவிடுவார்கள் என்று பொத்தினாய். வவுனியா முகாமுக்குள் வந்து, இனி மேலே ஒன்றும் வராது என்று ஆன பிறகும் கொஞ்சக் காலம் அப்படித்தான் இருந்தாய். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க எனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது. முகாமில் உனக்குத் தலை வாரி இழுத்த நேரங்கள், நெளுக்குளத்தில் வாடகை அறையில் இருந்த இரண்டு வருடம், ஊருக்குத் திரும்பி வந்து இந்த வீட்டைக் கட்டின காலம். பிள்ளை மறந்திருக்கும், கிளறக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கிளறினால் சோற்றுப் பானையும் வெளியே வரும் என்பதுதான் உள்ளே இருந்த காரணம். நீ கவனித்திருப்பாய், அடுப்பில் சோறு இருக்கும்போது நான் குசினியை விட்டு அசைய மாட்டேன். வாசலில் ஆள் வந்து கூப்பிட்டாலும் போக மாட்டேன். அம்மாவின் விசர்ப் பிடிவாதம் என்று நீ சிரிப்பாய்.

ஊருக்குக் கரண்ட் வந்தது. நீ வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கழற்றினாய். ரோர்ச், அயன் பொக்ஸ், அலுமாரிக்குள் நான் ஒளித்து வைத்த உன் அப்பாவின் றேடியோ வரை. ஒன்றிரண்டு மறுபடி பூட்டியதும் உண்டு. பரமேஸ் அக்கா தன்னுடைய ரீவியைக் கொண்டு வந்து, "பிள்ளை, சத்தம் மட்டும்தான் வருது, என்ன பிழையெண்டு சொல்லு பாப்பம்" என்றபோது, நீ பட்டென்று சொன்னாய், "திறந்து பாத்தாத்தான் சொல்லுவன்." எவர் எதைக் கொண்டு வந்தாலும் அதே பதில். சத்தத்தை வைத்துச் சொல்லவே மாட்டாய். என் மகள் எவ்வளவு நிதானம் என்று நான் பெருமைப்பட்டுத் திரிந்தேன். முன்பள்ளியில் மற்ற ரீச்சருக்கும் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நான் திறந்து பார்க்கவில்லை.

உன் குரல் பதிவின் கடைசியில், எல்லா விளக்கமும் முடிந்த பிறகு, கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. முதல் நாலு தரமும் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். அடுத்த தரம்தான் மிச்சம் இருப்பது தெரிந்தது. "அம்மா, நான் ஒருக்காப் பிழையாச் சொன்னனான் தானே. இனித் திறந்து பாக்காமச் சொல்லப்படாது எண்டு இருக்கிறன். அதுக்குத்தான் இந்த வேலை. வாற மாசம் நடுவில கையெழுத்து வைக்கோணும். நீங்கள் வேண்டாம் எண்டால் விட்டிடுவன், கோவிக்க மாட்டன்."

நான் கதிரையில் இருந்து எழும்பவில்லை. முன்பள்ளிக்குப் போகவில்லை. கோழிக்கும் ஒன்றும் போடவில்லை. பின்னேரம் பரமேஸ் அக்கா வந்து பார்த்து, "என்னடி, பிள்ளைக்கு ஏதும் நடந்திட்டுதோ?" என்று பதறினா. எல்லாவற்றையும் அவாவிடம் சொன்னேன், பானை உட்பட. அன்றைக்குத்தான் முதல் தரமாக ஒரு ஆளிடம் சொன்னேன். அவா என் பக்கத்தில் வந்து இருந்தா. பிறகு, "நீ சொன்னது எனக்குக் கேட்டது. அண்டைக்கு நானாவது உன்ரை வாயைப் பொத்தியிருக்கோணும். நானும்தானே உடுப்புக் காயப்போட அவளைக் கேட்டனான்" என்றா. எழுது, எழுதி மலரில் போடு, என்ரை பேரையும் போடு என்று சொன்னதும் அவாதான். போகும்போது மட்டும் பழைய பரமேஸ் அக்காவாகி, "அவளுக்குப் பிளேனில ஓசியில வர ஏலுமோ எண்டு கேள்" என்றுவிட்டுப் போனா.

நீ என்னிடம் கேட்டதற்கு இப்போது பதில். "வேண்டாம்" என்ற சொல் இந்த இரண்டு கிழமையும் என் தொண்டையில்தான் இருக்கிறது. துப்பிவிட்டால் எனக்கு இலேசாக இருக்கும். ஆனால் எனக்கு இலேசாக இருக்கட்டும் என்று உன் தலையில் ஒரு வார்த்தையை இறக்கி வைத்தவள் நான், இன்னொன்றை இறக்க மாட்டேன். உனக்கு வயர் பிடிக்கும் என்றால் போ. பூட்டியிருக்கிற ஒன்றைத் திறந்து, எங்கே பிசகு என்று கண்டுபிடிக்கும்போது உன் முகத்தில் வருகிற அந்தச் சந்தோசத்துக்காகப் போகிறாய் என்றால், சீருடையையும் நான் பழகிக்கொள்கிறேன். மேசைக்குக் கீழே போனாலும் திரும்பி வெளியே வருவேன். ஆனால் ஆறு வயதில் செய்த ஒரு பிழையைத் திருத்தத்தான் போகிறாய் என்றால் போக வேண்டாம். அந்தப் பிழை உன்னுடையது இல்லை. இல்லாத கத்தரிக்கோலைத் தேடி நீ உன் வாழ்க்கையைச் செலவழிக்க வேண்டாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நீ திறந்து பார்த்துச் சொல்.

உன் தொழிலில் வேலை செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். அந்தப் பதிவில் இத்தனை வருடமும் உன் பெயர்தான் இருந்தது, நான்தான் அதை எழுதினேன். இப்போது திருத்துகிறேன். அன்று சோற்றுப் பானையை இறக்க உன் அப்பாவை அனுப்பியது நான். இரண்டாவது சத்தம் கேட்டும் நில்லுங்கோ என்று சொல்லாமல் இருந்தது நான். பழியைப் பிள்ளையில் போட்டது நான். பிள்ளை சொன்னது சரி.

இதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. சரி பார்த்துப் போடுகிற இரண்டாவது கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன், அது உன்னுடையது. ஆறுதலாகப் பார். பார்த்து முடிந்ததும் ஒரு அழைப்பு எடு, பிள்ளை. போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். இந்த முறை லைன் விளங்கும்.

அம்மா